பதினொரு சுற்று

பதினொன்று என்றுதான் நினைக்கிறேன். பதினொரு சுற்று சுற்றினால் அந்த வளைய போல்ட் மெஷினின் தலைக்குள் முழுசாக இறங்கிவிடும், இது இன்று நேற்றுத் தெரிந்தது இல்லை, இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் இந்த மெஷினை லாரியிலிருந்து இறக்கிய அன்றே எண்ணி வைத்தது. காலையில் ஏணியில் ஏறி நின்று என் கையாலேயே சுற்றினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஐந்து வரை விரலில் ஞாபகம் இருக்கிறது, ஐந்தில் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தது, அதற்குப் பிறகு ஒரே தாவலாகப் பதினேழு என்று ஒரு எண் வந்து நிற்கிறது. பதினேழு எப்படி வரும். அந்தக் குழியில் பதினேழு சுற்றுக்கு மரையே கிடையாது. இப்போது அந்த போல்ட்டின் வளையத்தில் கொக்கி மாட்டி, கொக்கியிலிருந்து செயின் போய், மூன்று இரும்புக் குழாயைச் சாய்த்து நிறுத்திய முக்காலியின் உச்சியில் கட்டிய கப்பியில் ஏறி, தொள்ளாயிரம் கிலோ மெஷின் தரையிலிருந்து அரை அடி உயரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. லேசாக ஆடுகிறது. ஆட்டம் அடங்கியதும் நான் ‘வை’ என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொன்னதும், மெஷினை நகர்த்த ஆட்களோடு வந்திருக்கும் மிக்கேல் அதற்கு அடியில் இரண்டு கையையும் விட்டுப் பலகையை நேராக்கி வைப்பான். பலகைக்குக் கீழே குழாய் கொடுத்து உருட்டிக்கொண்டு போவார்கள், அது அப்புறம். பலகை வைப்பது ஒரு நிமிஷ வேலை. அந்த ஒரு நிமிஷம் தொள்ளாயிரம் கிலோவுக்கும் தரைக்கும் நடுவில் மிக்கேலின் இரண்டு கைகள், அந்தக் கைகளுக்குப் பொறுப்பு நான் சுற்றிய சுற்று. ஐந்தா, பதினொன்றா. எனக்கு முழங்கால் வலிக்கிறது. காலை ஏழு மணியிலிருந்து நிற்கிறேன், ஒரு டீ குடித்தேன், அதுவும் ஆறிப்போய். இந்தக் கணக்கை யாராவது என்னிடமிருந்து வாங்கிக்கொண்டால் அப்படியே இந்த சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்துவிடுவேன்.

‘சரக்கு தூங்கட்டும் அண்ணாச்சி’ என்று சொல்லிவிட்டு மிக்கேல் மெஷின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறான். தூக்கிய சரக்கின் ஆட்டம் நிற்பதைத் தூங்குவது என்கிறார்கள் அவர்கள். அது தூங்கும்வரை யாரும் பேசக்கூடாது, யாரும் நடக்கக்கூடாது. ஃபேனையும் நிறுத்தச் சொல்லிவிட்டான், காற்றடித்தால் முழித்துக்கொள்ளுமாம். அதனால் லேபுக்குள் இப்போது ஒரு சத்தமும் இல்லை. செயினைப் பிடித்திருக்கும் சுடலைக்கண்ணு மூக்கை உறிஞ்சுவது கேட்கிறது. வாசலில் எங்கள் துறைத் தலைவர் ரெஜினா மேடம் ரிஜிஸ்டரை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறார், அவருக்குப் பின்னால் இரண்டு லெக்சரர்கள், அட்டெண்டர் ஒருத்தர். என் வலது கைக்குள் மிக்கேலின் மோதிரம் இருக்கிறது. கல்யாண மோதிரம், மேலே சின்னதாக ஒரு சிலுவை. வேலை ஆரம்பிக்கிற நேரத்தில் விரலில் கொஞ்சம் கிரீஸைத் தடவித் திருகித் திருகிக் கழற்றினான். மோதிரத்தோடு அடியில் கைவிட்டு எங்கேயாவது மாட்டினால் விரலோடு உருவிக்கொண்டு போய்விடும், அதனால் கழற்றுவது சரிதான். கழற்றித் தன் பையில் போட்டுக்கொள்ளலாம். போடமாட்டான். அவன் ஆட்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது, சரக்குக்கு அடியில் கைவிடப் போகிறவன் தன் மோதிரத்தை யார் கையில் கொடுக்கிறானோ அவர் ஒருத்தர் குரல்தான் அன்றைக்குச் செல்லும். வேறு யார் என்ன சொன்னாலும் காதில் விழாத மாதிரி இருப்பார்கள், முதலாளியே வந்து கத்தினாலும். மேடம் இதைக் கேள்விப்பட்டிருப்பார் போல, கையை நீட்டினார். மிக்கேல் சிரித்தபடி அவரைத் தாண்டி வந்து என் உள்ளங்கையில் மோதிரத்தை வைத்து என் விரல்களை அவனே மடக்கிவிட்டான். ‘நீங்க சொன்னாத்தான் கை போடுவேன், பாத்துக்கிடுங்க’ என்றான். ஏன் என்னிடம் கொடுத்தான் என்று தெரியவில்லை. நேற்றுவரை அவனுக்கு என் பெயர்கூடத் தெரியாது. வயசுக்கு மரியாதை கொடுத்திருப்பான். இல்லையென்றால் பார்த்தால் பொறுப்பான ஆள் மாதிரி இருந்திருப்பேன், என் மூஞ்சி அப்படி, எல்லாவற்றையும் கவலையோடு பார்க்கிற மூஞ்சி, அதைப் பொறுப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். மோதிரம் அவன் சூட்டோடு வந்தது, இப்போது என் வேர்வையில் வழுக்குகிறது. அவன் விரலில் அது இருந்த இடம் மட்டும் வெளுத்து ஒரு வளையமாகத் தெரிகிறது. அந்த விரலைப் பார்க்கக்கூடாது என்று நினைத்து மெஷினைப் பார்க்கிறேன், மெஷினைப் பார்த்தால் மேலே போல்ட்டைப் பார்க்கத் தோன்றுகிறது, போல்ட்டைக் கொக்கி மறைக்கிறது.

பச்சை. இந்த மெஷின் வரும்போது சாம்பல் நிறம். கான்கிரீட் கட்டியை நடுவில் வைத்து நசுக்கி எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்கிற மெஷின், பார்க்க எப்படி இருந்தால் என்ன, ஆனால் வருஷா வருஷம் ஆய்வுக் குழு வருகிறது என்றால் முதலில் பெயிண்ட் டப்பாதான் வரும். ஓடாத மெஷினுக்கும் பெயிண்ட், ஓடுகிற மெஷினுக்கும் பெயிண்ட். நானே அடித்திருக்கிறேன், சட்டைமேல் நியூஸ் பேப்பரைச் சுற்றிக்கொண்டு. பச்சைக்குமேல் பச்சை, அதற்குமேல் இன்னும் கொஞ்சம் வேறு பச்சை. தலையில் போல்ட் மாட்டுகிற குழி இருக்கிறதே, அதை எவன் பார்த்தான், பிரஷ் போகிற போக்கில் அதற்குள்ளும் ஒரு இழுப்பு. இருபத்தெட்டு இழுப்பு. காலையில் ஏணியில் ஏறிப் பார்த்தபோது குழி இருந்த இடத்தில் பச்சையாக ஒரு தொப்புள்தான் இருந்தது. ஆணியால் குத்திக் கிளறி, மண்ணெண்ணெய் விட்டு, துணியைத் திரித்து உள்ளே விட்டுத் துடைத்தேன். எவ்வளவு வந்ததோ அவ்வளவு வந்தது. அடியில் எவ்வளவு மிச்சம் என்று கண்ணுக்குத் தெரியாது. மெஷினோடு வந்த போல்ட் எங்கேயோ தொலைந்துபோய்விட்டது, இது பேட்டையில் லேத் பட்டறையில் பழைய அளவையே சொல்லிக் கடைந்து வாங்கியது, கழுத்தில் பட்டை கிடையாது. பட்டை இருந்தால் அது தலையில் போய் உட்கார்ந்ததா இல்லையா என்று யாரும் பார்த்துச் சொல்லிவிடலாம். இதில் எண்ணிக்கைதான் கதி. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஐந்தில் இறுகியது. அப்போதுதான் மேடம் ஏணிக்குக் கீழே வந்து, ‘ஐயம்பெருமாள் சார், இந்த மெஷினோட ஸ்டாக் நம்பர் என்ன, ரிஜிஸ்டர்ல அழிஞ்சு போச்சு’ என்றார். ‘பதினேழு மேடம்’ என்றேன். ஆமாம், அதுதான் பதினேழு. அங்கேயிருந்துதான் வந்திருக்கிறது. பதினேழு சொன்ன வாய் திரும்ப எந்த எண்ணில் போய்ச் சேர்ந்தது. கை சுற்றிக்கொண்டே இருந்ததா, நின்றதா. பிறகு வளையத்துக்குள் ஒரு கம்பியை விட்டுத் திருகிப் பார்த்தேன், அசையவில்லை, அது நன்றாக ஞாபகம் இருக்கிறது, அசையவில்லை. முழுசாக இறங்கினாலும் அசையாது. அடியில் பெயிண்ட் கெட்டியாக உட்கார்ந்திருந்தாலும் அசையாது. இரண்டுக்கும் கைக்கு வித்தியாசம் தெரியுமா. இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்த கைக்குத் தெரிய வேண்டும். தெரியவில்லை. மேடம்மேல் கோபம் வருகிறது, பாவம் அவர் என்ன செய்வார், அவருக்கு ரிஜிஸ்டர், எனக்கு போல்ட். பதினொரு மணிக்குள் இந்த இடம் காலியாக வேண்டும் என்று அவருக்கு மேலேயிருந்து உத்தரவு. இங்கே கம்ப்யூட்டர் லேப் வரப்போகிறதாம். ஏசி வரும், தரைக்கு விரிப்பு வரும், கட்டி நசுங்கும்போது டம் என்று ஒரு சத்தம் வருமே, அதைக் கேட்டுத் திடுக்கிட்டுப் பிறகு சிரிக்கிற பிள்ளைகள், இனி மெஷின் இருக்கப்போகிற புது பிளாக்குக்குப் போய்த் திடுக்கிட வேண்டியதுதான்.

கொஞ்சம் இப்படி யோசித்துப் பார்ப்போம். என் சந்தேகம் இதுவரைக்கும் ஒரு தடவையாவது பலித்திருக்கிறதா. இல்லை. ஐம்பத்தேழு வயசு ஆகிறது, ஒரு தடவைகூட இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டு நாலு எட்டு நடந்ததும் பூட்டினோமா என்று வரும். திரும்பிப் போய் இழுத்துப் பார்ப்பேன், பூட்டியிருக்கும். திரும்பவும் நாலு எட்டு. இழுத்துப் பார்த்தபோது திறந்துகொண்டிருந்தால் என்று வரும். திரும்பவும் போவேன். என் மனைவி சொர்ணம் தெருமுனையில் நின்று தலையில் அடித்துக்கொள்வாள். ‘அந்தப் பூட்டுக்கு வாயிருந்தா ஒங்களக் கண்டமேனிக்கு ஏசியிருக்கும்’ என்பாள். அவள் தம்பி மகள் கல்யாணத்துக்குத் தூத்துக்குடிக்குப் போகும்போது வாகைக்குளம் தாண்டியதும் எனக்கு கேஸ் ஞாபகம் வந்துவிட்டது. மூடினேனா இல்லையா. மூடினிய, நான் பாத்தேன் என்றாள் சொர்ணம். நீ பார்த்தது நேற்றாக இருக்கும் என்றேன். பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி, எதிர்ப் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து பார்த்தால் சிலிண்டர் சமர்த்தாக மூடியபடி நிற்கிறது. தாலி கட்டி, சாப்பாட்டுப் பந்தி முடிந்து, இலை எடுக்கிற நேரத்தில் போய் நின்றேன். அவள் அன்று என்னைத் திட்டவில்லை. ‘சாப்பிடுங்க’ என்று மட்டும் சொன்னாள். அன்று அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டாக்டரிடம் போங்களேன் என்று மகள் சொன்னாள், போனேன், அவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார், மாத்திரையைச் சாப்பிட்டேனா என்று சந்தேகம் வந்து இரண்டு தடவை சாப்பிட்டு ஒரு நாள் முழுக்கத் தூங்கினேன். சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இது எவ்வளவு அலுப்பான வேலை என்று வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. எல்லோரும் ஒரு தடவை செய்து முடிக்கிற காரியத்தை நான் மூன்று தடவை செய்கிறேன், அப்படியானால் மற்றவர்களைவிட மூன்று பங்கு நடந்திருக்கிறேன், மூன்று பங்கு கதவை இழுத்திருக்கிறேன். இன்று காலையிலும் கல்லூரி லாரி ஷெட்டைப் பூட்டிவிட்டு வந்தவன் திரும்பிப்போய் இழுத்தேன், திரும்ப வந்தேன், திரும்பப் போனேன். மூன்றாவது தடவை பூட்டில் கை வைத்தபோது நிமிர்ந்து பார்த்தால் லாரிக்குப் பின்னால் நின்று மிக்கேல் பீடி குடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான். நாலாவது தடவை இழுக்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பார்த்துவிட்டான் என்று கூச்சமாக இருந்தது. ஷெட் பூட்டியிருக்கிறதா இப்போது. பூட்டித்தான் இருக்கும். பூட்டித்தான் இருக்கும் என்று சொல்லிச் சொல்லி ஐம்பத்தேழு வயசு ஆகிவிட்டது. அப்படியானால் போல்ட்டும் இறங்கித்தான் இருக்கும். அதே மூளைதானே, அதே கோளாறுதானே. கேஸ் மூடியிருந்த மாதிரி இதுவும் மூடியிருக்கும். சொல்லிவிடு. வை என்று சொல்லிவிடு.

இன்னும் தூங்கவில்லை. இரண்டு விரல் அகலத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது ஒரு விரலாகக் குறைந்திருக்கிறது. சுவர்க் கடிகாரம் பத்து நாற்பது காட்டுகிறது, அது அஞ்சு நிமிஷம் பின்னால் ஓடுகிற கடிகாரம். வாசலில் அட்டெண்டர் ஒரு லெக்சரரிடம் என்னமோ முணுமுணுக்க, அவர் சிரிப்பை அடக்குகிறார். என்னைப் பற்றித்தான் இருக்கும். ஸ்டாப் சார். அதுதான் இந்தக் கல்லூரியில் எனக்குப் பெயர், பிள்ளைகள் வைத்தது, வைத்த பிள்ளைகள் எல்லாம் இப்போது எங்கெங்கோ பாலம் கட்டிக்கொண்டிருப்பார்கள், பெயர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. பதினைந்து வருஷம் இருக்கும். இதைவிடப் பெரிய மெஷின் ஒன்று புதிதாக வந்தது, கம்பியை இழுத்து அறுத்துப் பார்க்கிற மெஷின். கிரேன் கொண்டுவந்து லாரியிலிருந்து தூக்குகிறார்கள், மைதானத்தில் பந்தல், நாற்காலிகள், ரிப்பன் வெட்ட ஒரு பெரியவர் வந்திருக்கிறார். நடுவானத்தில் பெல்ட் சரிகிற மாதிரி எனக்குத் தெரிந்தது. ‘ஸ்டாப், ஸ்டாப்’ என்று கையை விரித்துக்கொண்டு ஓடினேன், கீழே இருந்தவர்கள் எல்லாம் சிதறி ஓடினார்கள், ஒருத்தர் வேட்டி அவிழ்ந்தது. கிரேன்காரர்கள் திரும்ப லாரியிலேயே இறக்கிவைத்து ஒன்றரை மணி நேரம் பெல்ட்டை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. பெல்ட்மேல் வேப்பமரக் கிளையின் நிழல் ஆடியிருக்கிறது. வந்த பெரியவர் வேறு நிகழ்ச்சி இருக்கிறது என்று போய்விட்டார், ரிப்பனைக் கடைசியில் கேண்டீன் மேனேஜர்தான் வெட்டினார். அதற்குப் பிறகு நான் வராண்டாவில் நடந்தால் பின்னால் யாராவது மெதுவாக ‘ஸ்டாப்’ என்பார்கள், நான் நிற்காமல் போக வேண்டும், நின்றால் அவர்களுக்கு வெற்றி. பதினைந்து வருஷமாக நிற்காமல் நடக்கப் பழகிவிட்டேன். வருகிற மே மாதம் ரிட்டயர் ஆகிறேன். சால்வை போடுவார்கள், மேடம் நாலு வார்த்தை நல்லதாகப் பேசுவார். கடைசி வருஷத்தில், எல்லோரும் பார்க்க, இன்னொரு ஸ்டாப் வேண்டுமா எனக்கு. இறக்கச் சொல்லி, ஏணி போட்டு, கழற்றிப் பார்த்து, பதினொரு சுற்று சரியாக இருந்து, அட்டெண்டர் சிரித்து. வேண்டாம். எனக்கு உண்மையிலேயே தெம்பு இல்லை.

தூங்கிவிட்டது. மெஷின் அசையாமல் நிற்கிறது, நிற்கவில்லை, தொங்குகிறது. மிக்கேல் பலகையை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு முட்டி போட்டான். கையிரண்டையும் தரையோடு ஒட்டி நீட்டி மெஷினின் விளிம்புக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் நிறுத்திவிட்டு என்னை அண்ணாந்து பார்த்தான். நான் சொல்லாமல் அந்த ஒரு சாணைத் தாண்டமாட்டான். பெரிய கைகள். நகங்களில் கிரீஸ், மணிக்கட்டில் வேளாங்கண்ணி மஞ்சள் கயிறு, மோதிர விரலில் அந்த வெள்ளை வளையம். ‘ம், சொல்லுங்க சார், நேரமாகுது’ என்றார் மேடம் வாசலிலிருந்து. மிக்கேல் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நான் வாயைத் திறந்தேன். ஐந்து. விரல் ஐந்தில்தான் நிற்கிறது, எத்தனை தடவை திரும்பச் சுற்றிப் பார்த்தாலும் மனசு ஐந்துக்குமேல் ஏறமாட்டேன் என்கிறது. வீட்டுப் பூட்டு விஷயத்தில் என் சந்தேகம் பொய்யானால் எனக்குத்தான் கால் வலி, நிஜமானாலும் எனக்குத்தான் நஷ்டம், பாத்திரம் பண்டம் போகும். இதில் நிஜமானால் எனக்கு ஒன்றும் ஆகாது. நான் இங்கே மூன்றடி தள்ளி நிற்கிறேன், எனக்கு ஒரு கீறல்கூட விழாது, அவன் மோதிரம் என் கையில் பத்திரமாக இருக்கும், அதைப் போட்டுக்கொள்ள அவனுக்கு விரல் இருக்காது. இதை நினைத்ததும் பயமாக இருந்தது, வெளியே சொல்வதற்கு என்ன, அவ்வளவு பயமாக இருந்தது. சரி, வை என்று சொல்லி ஒன்றும் ஆகாமலே போகட்டும். போல்ட் நன்றாகத் தாங்கி மெஷின் புது பிளாக்குக்குப் போய்ச் சேரட்டும். அப்போதும் எனக்குத் தெரியப்போவதில்லை, ஐந்தா பதினொன்றா என்று. இன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும், ராத்திரி சோற்றில் கை வைக்கும்போது வரும், ரிட்டயர் ஆகிப் பத்து வருஷம் கழித்துச் சும்மா உட்கார்ந்திருக்கும்போது வரும். எனக்கு இருக்கிறதே போதும். புதிதாக ஒன்றைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகத் தோளில் இடம் இல்லை. தைரியம் வந்தது என்று யாராவது சொன்னால் அது பொய், அலுப்புத்தான் வந்தது. ‘இறக்கு’ என்றேன். என் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை. ‘கையை எடு மிக்கேலு. சுடலைக்கண்ணு, இறக்குப்பா.’

மிக்கேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கையை இழுத்துக்கொண்டு பலகையைக் காலால் தள்ளிவிட்டு எழுந்தான், சுடலைக்கண்ணு செயினைக் கடகடவென்று விட்டான், மெஷின் பழைய இடத்திலேயே மெதுவாக உட்கார்ந்தது. ‘என்னாச்சு சார்’ என்றார் மேடம். போல்ட்டில் ஒரு சந்தேகம் மேடம் என்றேன். சந்தேகம் என்ற வார்த்தையைக் கேட்டதும் வாசலில் ஒரு அசைவு ஏற்பட்டதை முதுகிலேயே உணர்ந்தேன். ஏணியைச் சாய்த்து ஏறினேன், கொக்கியைக் கழற்றிவிட்டு வளையத்துக்குள் கம்பியை விட்டு நெம்பினேன், இளகியது. கையால் கழற்ற ஆரம்பித்தேன். நான் மனசுக்குள்தான் எண்ணினேன், ஆனால் உதடு அசைந்திருக்கும்போல, கீழே சுடலைக்கண்ணு ஏலம் விடுகிற மாதிரி சத்தமாக எண்ணத் தொடங்கினான். மூன்று வந்தது. நான்கு வந்தது. ஐந்தில் கழன்று கையோடு வந்துவிடும் என்று தோளை இறுக்கிக்கொண்டேன், வரவில்லை. அது வந்திருக்க வேண்டும் என்று ஒரு கணம் ஆசைப்பட்டேன், சாமி என்னை மன்னிக்கட்டும். ஆறு. ஏழு. எட்டில் வாசலிலிருந்து இன்னொரு குரலும் சேர்ந்துகொண்டது. பத்து. பதினொன்று. போல்ட் கையில் வந்தது, மரை முழுக்கப் பச்சையாக, நுனிவரை. பதினொன்று. என் கை சரியாகத்தான் செய்திருக்கிறது, மேடத்துக்குப் பதினேழு சொல்லிக்கொண்டே அது பாட்டுக்குச் சுற்றி முடித்திருக்கிறது, எனக்குத்தான் சொல்லவில்லை. யாரோ மெதுவாக ‘ஸ்டாப்’ என்றார்கள். சிரித்தார்கள், பெரிதாக இல்லை, நாலு பேர் சிரிக்கிற சிரிப்புத்தான். மேடம் வாட்ச்சைப் பார்த்துவிட்டு ‘பரவாயில்ல சார்’ என்றார். திட்டியிருக்கலாம். சாப்பிடுங்க என்று சொர்ணம் சொன்ன மாதிரியே இருந்தது.

ஏணியிலிருந்து இறங்கினேன். கடைசிப் படி இருக்கிறதா இல்லையா என்று காலால் துழாவித்தான் இறங்கினேன். நேராக மிக்கேலிடம் போய் மோதிரத்தை நீட்டினேன். ‘எதுக்கு?’ என்றான். ‘மேடம்கிட்ட குடு. இல்ல சுடலைக்கண்ணுகிட்ட குடு. என்னால முடியலப்பா, எனக்கு எப்பவும் இப்படித்தான், எதுவும் சரியா இருக்கும், எனக்குத்தான் சரியா இருக்காது’ என்றேன். அழுகை வருகிற மாதிரி இருந்தது, இந்த வயசில், இத்தனை பேர் முன்னால். அவன் மோதிரத்தை வாங்கவில்லை. வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத மாதிரி பேசினான். ‘அண்ணாச்சி, காலம்பற ஷெட்டு வாசல்ல வச்சு பூட்ட மூணு தரம் இழுத்துப் பாத்தியள்லா. நான் பாத்தேன்னதும் நாலாந்தரம் இழுக்காம வந்துட்டிய. நீங்க இந்தப் பக்கம் வந்தப்பொறவு நான் போயி இழுத்துப் பாத்தேன், பூட்டித்தான் இருந்துச்சு. இருவது வருசமா அடியில கைவிடுதேன். வை வைன்னு சொல்லுதவன் எங்க போனாலும் இருக்கான். இழுத்துப் பாக்கவன் இல்ல. அதுக்காவத்தான் ஒங்க கையில குடுத்தேன்.’ மோதிரத்தின்மேல் என் விரல்களை மறுபடி அவனே மடக்கிவிட்டான். ‘இப்ப போல்ட்டு வெளிய இருக்கு. திரும்ப மாட்டணும்லா, மாட்டுங்க. ஆனா சும்மா மாட்டாதிய. வாய்விட்டு எண்ணுங்க, எனக்குக் கேக்கணும். அடியில போற கை என்னுதுல்லா.’

போல்ட்டின் மரையை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன், குழியையும் ஒரு தடவை துடைத்தேன், பச்சைத் தூள் இன்னும் கொஞ்சம் வந்தது. ஏணியில் ஏறினேன். கழற்றும்போது மோதிரத்தைச் சுண்டுவிரலில் இடுக்கிக்கொண்டிருந்தேன், திருகும்போது அது ஆகாது, அதனால் சட்டைப் பையில் போட்டுப் பட்டனைப் போட்டேன். போட்டேனா என்று தொட்டுப் பார்த்தேன், போட்டிருந்தது, இன்னொரு தடவையும் தொட்டுப் பார்த்தேன். கீழே மிக்கேல் ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி காத்திருந்தான். மேடம் என்னமோ கேட்க வாயெடுத்தார், அவன் திரும்பாமலே ஒரு கையை உயர்த்திக் காட்டியதும் பேசாமல் இருந்துவிட்டார். போல்ட்டைக் குழியில் நேராக நிறுத்தி மெல்லத் திருகினேன், மரை பிடித்தது. ‘ஒண்ணு’ என்றேன். ‘ஒண்ணு’ என்றான் மிக்கேல் கீழேயிருந்து.